விலையைத் தொடாத மானியம்

2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை அமெரிக்க மத்திய அரசு முடங்கிக் கிடந்தது. மொத்தம் 43 நாள். அந்நாட்டு வரலாற்றில் அவ்வளவு நீண்ட முடக்கம் அதற்கு முன் நடந்ததில்லை. விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் ஊழியர்கள் சம்பளமில்லாமல் வேலைக்கு வந்தார்கள். நவம்பர் பிறந்ததும் ஏழைக் குடும்பங்களுக்கான உணவு உதவித்தொகையும் தடைபட்டது. முடக்கத்தை முடிக்க ஜனநாயகக் கட்சியினர் வைத்த முதன்மைக் கோரிக்கை ஒரு மானியத்தைப் பற்றியது. ஒபாமாகேர் என்று வழங்கும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு 2021 முதல் கூடுதல் பிரீமியம் மானியம் கிடைத்துவந்தது. அது டிசம்பர் 31ஆம் தேதி காலாவதியாக இருந்தது. அதை நீட்டிக்க வேண்டும் என்றார்கள். நடக்கவில்லை. டிசம்பர் 11 அன்று செனட்டில் மூன்றாண்டு நீட்டிப்புக்கு ஆதரவாக 51 வாக்குகளும் எதிராக 48 வாக்குகளும் விழுந்தன. தேவைப்பட்டதோ 60. ஆண்டோடு மானியமும் முடிந்தது.

அமெரிக்காவில் ஒரு சட்டம் நிறைவேறினாலும் தோற்றாலும், நன்கொடை கொடுத்தவர்கள் நினைத்தது நடந்துவிட்டது என்று சொல்வது வழக்கம். பல நேரங்களில் அது சரியாகவும் இருக்கும். இந்த வாக்கெடுப்புக்கு அது பொருந்தவில்லை. காப்பீட்டு நிறுவனங்கள் நீட்டிப்பை விரும்பின. மருத்துவமனைகளும் விரும்பின. வாஷிங்டனில் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான டாலரைச் செலவழிக்கும் துறைகள் இவை. வெளிப்படையாகவே கேட்டன, கிடைக்கவில்லை.

அதை வைத்து அரசியல் நன்கொடைக்குச் செல்வாக்கு இல்லை என்று முடிவுகட்டினால் பெரிய தவறாகிவிடும். நாடே பார்த்துக்கொண்டிருக்கும் வாக்கெடுப்பில் பணத்தின் பிடி தளர்ந்துதான் இருக்கும். கட்சியும் கொள்கையும் தொகுதியும் அங்கே முந்திக்கொள்ளும். பணம் வேலை செய்த தடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த மானியம் எப்படி வடிவமைக்கப்பட்டது, வரைவிலிருந்து எது வெளியேற்றப்பட்டது, மானியத்துக்குப் பணம் திரட்ட விதித்த வரிகள் என்னவாயின என்று பின்னோக்கிப் போக வேண்டும்.

மானியம் நடைமுறையில் கைமாறும் விதத்திலிருந்து தொடங்கலாம். வேலை பார்க்கும் இடத்தில் காப்பீடு கிடைக்காத சிறு கடைக்காரர்கள், விவசாயிகள், செயலி வழியாகக் கார் ஓட்டுகிறவர்கள், 65 வயது நிறையாததால் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் சேர முடியாத ஓய்வுபெற்றவர்கள் போன்றோருக்காக ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு காப்பீட்டுச் சந்தை இருக்கிறது. திட்டங்கள் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் பிரிக்கப்பட்டிருக்கும். ஒருவர் வசிக்கும் பகுதியில் விற்கும் வெள்ளித் திட்டங்களைக் குறைந்த விலையிலிருந்து வரிசைப்படுத்தினால் இரண்டாவதாக வருவதுதான் அளவுகோல் திட்டம். வருமானத்தைப் பொறுத்து அவர் தன் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகைக்கு ஒரு வரம்பு உண்டு. அளவுகோல் திட்டத்தின் பிரீமியத்தில் அந்த வரம்புக்கு மேல் உள்ளதையெல்லாம் அரசு கட்டும். சட்டம் இதை வரிச்சலுகை என்கிறது. நடப்பில், பெரும்பாலானோருக்கு அது மாதாமாதம் கருவூலத்திலிருந்து நேராகக் காப்பீட்டு நிறுவனத்தின் கணக்குக்குப் போய்விடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அளவுகோல் திட்டத்தின் மாதப் பிரீமியம் 600 டாலர், அந்த நபரின் வரம்பு 200 டாலர் என்றால் அரசு 400 டாலர் கட்டும். அடுத்த ஆண்டு பிரீமியம் 750 ஆனால் அவர் கட்டுவது அதே 200 தான். அரசு 550 கட்டும். நிறுவனத்துக்கு 150 டாலர் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. வாங்கியவருக்கு அது உறைக்கவே உறைக்காது. சட்டம் குடும்பத்தின் செலவுக்கு உச்சவரம்பு வைத்தது, விலைக்கு வைக்கவில்லை.

விலையைக் கட்டுப்படுத்த எதுவுமே இல்லை என்று சொன்னால் அது நேர்மையாகாது. அளவுகோலைவிட விலை கூடிய திட்டத்தை எடுப்பவர் அந்த வித்தியாசத்தைத் தானே கட்ட வேண்டும். அதனால் நிறுவனங்கள் விலை குறைந்த வெள்ளித் திட்டத்துக்குப் போட்டியிட வேண்டியிருக்கிறது. தனிநபர் காப்பீட்டில் வசூலாகும் பிரீமியத்தில் 80 சதவீதத்தையாவது மருத்துவத்துக்குச் செலவிட்டாக வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு நிறுவனம் மட்டும் விற்கும் கவுண்டிகளில், அதாவது மாவட்டங்களில், போட்டி எங்கே வரும்? 2018இல் நாட்டின் பாதிக் கவுண்டிகள் அந்த நிலையில்தான் இருந்தன. 80 சதவீத விதியிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. மருத்துவமனைக்குப் போகும் தொகை ஏற ஏறப் பிரீமியம் ஏறும். மிச்சமுள்ள 20 சதவீதமும் தொகையில் பெரிதாகும். விலையோடு மல்லுக்கட்ட நிறுவனத்துக்கு உள்ள ஊக்கம் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

ஒபாமாகேரை உருவாக்கிய 2010 சட்டப்படி, வறுமைக் கோட்டைப்போல நான்கு மடங்குக்கு மேல் வருமானம் உள்ளவருக்கு மானியம் கிடையாது. 2021 மார்ச்சில் கொரோனா நிவாரணச் சட்டம் அந்த எல்லையை எடுத்துவிட்டு, எவரும் அளவுகோல் திட்டத்துக்குத் தம் வருமானத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் கட்ட வேண்டாம் என்றது. வருமானம் மிகக் குறைந்தவர்களுக்கு அந்தத் திட்டத்தின் பிரீமியமே இல்லாமல் போனது. 2021இல் ஏறத்தாழ 1.2 கோடியாக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை 2025இல் 2.4 கோடியைத் தாண்டியது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மானியம் பெற்றார்கள்.

கூடுதல் மானியம் காலாவதியானதும் பழைய எல்லை திரும்பி வந்தது. கணவன், மனைவி இருவருக்கும் 60 வயது. சேர்ந்து ஆண்டுக்கு 85,000 டாலர் சம்பாதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவர் உள்ள குடும்பத்துக்கு 2026ஆம் ஆண்டின் எல்லை 84,600 டாலர். அந்த எல்லைக்குள் இருந்திருந்தால் வருமானத்தில் பத்து சதவீதம்வரை கட்டினால் போதும். 400 டாலர் கூடுதலாகச் சம்பாதித்ததால் ஒரு காசு மானியம் கிடையாது. இப்படிப்பட்ட தம்பதிக்கு ஆண்டுச் செலவு சராசரியாக 22,000 டாலருக்கு மேல் கூடும் என்று கேஎஃப்எஃப் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. மானியம் பெறுவோர் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் தலைக்கு ஆண்டுக்கு 888 டாலராக இருந்த சராசரிக் கட்டணம் 1,904 டாலராக ஏறும் என்றது.

இந்த எண்களைப் பார்த்த எவரும் மானியத்தை நீட்டித்திருக்க வேண்டும் என்றுதான் சொல்வார்கள். நானும் அதையே சொல்கிறேன். ஆனால் அறுபது வயதுத் தம்பதியின் காப்பீட்டுக்கு முழு விலை ஏன் அவ்வளவு? அந்தக் கேள்வி 43 நாள் முடக்கத்தில் ஏறக்குறைய எழவே இல்லை. எழாமல் போனதற்கான காரணம் 2009இல் இருக்கிறது.

அந்த ஆண்டு சட்டம் வரைவாகிக்கொண்டிருந்தபோது விலையைக் கட்டுப்படுத்த ஒரு யோசனை பலமாகப் பேசப்பட்டது. தனியார் நிறுவனங்களோடு அதே சந்தையில் அரசும் ஒரு காப்பீட்டுத் திட்டத்தை விற்கட்டும். அது மருத்துவமனைகளோடு பேரம் பேசி விலையைக் குறைத்தால் மற்றவர்களும் குறைத்துத்தான் ஆக வேண்டும் என்பதே அந்த யோசனை. நவம்பர் 7 அன்று பிரதிநிதிகள் சபை அந்த ஏற்பாட்டோடு தன் மசோதாவை 220க்கு 215 என்று நிறைவேற்றியது. செனட்டில்தான் அது செத்தது. செப்டம்பர் 29இலேயே செனட் நிதிக் குழுவில் அதற்கான இரண்டு திருத்தங்கள் தோற்றிருந்தன. ஒன்று 15க்கு 8, இன்னொன்று 13க்கு 10. குழுவில் பெரும்பான்மை ஜனநாயகக் கட்சிக்குத்தான்.

குழுவின் தலைவர் மாண்டனா மாநிலத்தின் மேக்ஸ் பாக்கஸ். அவருடைய மாநிலத்தில் அப்போது பத்து லட்சம் பேர்கூட இல்லை. ஆனால் 2007, 2008 ஆகிய இரண்டே ஆண்டுகளில் மருத்துவத் துறையைச் சேர்ந்த நிறுவனங்களும் அவற்றின் ஊழியர்களும் அவருடைய அரசியல் நிதிக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் தந்திருந்தார்கள். மாண்டனாவில் அவ்வளவு மருத்துவக் கம்பெனி ஏது? அந்தப் பணம் தேடி வந்தது நிதிக் குழுவின் தலைமை நாற்காலியை. மசோதாவை வரைந்ததில் முக்கியப் பங்காற்றிய அவருடைய மருத்துவக் கொள்கை ஆலோசகர் லிஸ் ஃபௌலர், அதற்குமுன் வெல்பாயின்ட் காப்பீட்டு நிறுவனத்தில் துணைத் தலைவராக இருந்தவர். இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. நான் கவலைப்படுவதே அதனால்தான். விலையைத் தொடும் வாக்கியம் எது, தொடாத வாக்கியம் எது என்று தெரிந்தவர்கள் வாஷிங்டனில் சில நூறு பேர்தான். அவர்களில் பெரும்பாலோர் ஒரு சமயம் அரசிலும் மறு சமயம் கம்பெனியிலும் வேலை பார்ப்பவர்கள்.

அரசுத் திட்டம் போனதும் ஒரு சமரசம் வந்தது. 55 வயது ஆனவர்கள் பணம் கட்டி மெடிகேரில் சேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். மேலே சொன்ன அறுபது வயதுத் தம்பதிக்கு அது நிறைவேறியிருந்தால் கதையே வேறு. டிசம்பர் நடுவில் கனெக்டிகட் செனட்டர் ஜோ லீபர்மேன், அது இருந்தால் தன் வாக்கு கிடையாது என்றார். 60 வாக்குகளில் ஒன்று குறைந்தாலும் மசோதா நகராது, சமரசமும் கைவிடப்பட்டது. அமெரிக்கக் காப்பீட்டுத் தொழிலின் தலைநகர் என்று பெயரெடுத்த ஹார்ட்ஃபோர்ட் அவருடைய மாநிலத்தில்தான் இருக்கிறது. அவர் தன் நிலைப்பாட்டுக்கு அரசின் நிதிப் பற்றாக்குறையைக் காரணம் காட்டினார். அவர் மனத்தில் எது முந்தி நின்றது என்று எவராலும் அளந்து சொல்ல முடியாது. நன்கொடையையும் தொகுதியின் தொழிலையும் நம்பிக்கையையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்க முடியாது என்பதே இந்த ஆய்வுத் துறையின் நிரந்தரச் சிக்கல்.

மருந்துக் கம்பெனிகளின் விஷயத்தில் இந்தச் சிக்கல் கொஞ்சம் குறைவு. அங்கே பேரம் வெளியே வந்துவிட்டது. 2009 ஜூனில் மருந்துக் கம்பெனிகளின் சங்கமான ஃபார்மா, பத்தாண்டுகளில் 8,000 கோடி டாலர் அளவுக்குத் தள்ளுபடியும் சலுகையும் தருவதாக வெள்ளை மாளிகையோடும் பாக்கஸோடும் உடன்பாடு கண்டது. பதிலுக்கு மெடிகேர் மருந்து விலையில் அரசு பேரம் பேசாது, கனடாவிலிருந்து மலிவு மருந்தை இறக்குமதி செய்ய வழிவிடாது என்பது புரிந்துகொள்ளப்பட்டது. அந்தச் சமயத்தில் பரிமாறப்பட்ட மின்னஞ்சல்கள் 2012இல் வெளியாயின. சட்டத்துக்கு ஆதரவான விளம்பரங்களுக்கும் சங்கம் பெருந்தொகை ஒதுக்கியது. டிசம்பரில் இறக்குமதியை அனுமதிக்கும் திருத்தம் ஒன்றைச் செனட்டர் பைரன் டோர்கன் கொண்டுவந்தபோது ஆதரவு 51, எதிர்ப்பு 48. அங்கும் 60 தேவைப்பட்டது. பதினாறு ஆண்டு கழித்து மானிய நீட்டிப்பு தோற்றதும் இதே எண்களில்தான்.

ஃபார்மாவின் சார்பில் அந்த உடன்பாட்டை முடித்தவர் பில்லி டாசின். அவரைப் புரிந்துகொள்ள 2003க்குப் போக வேண்டும். அப்போது அவர் லூசியானாவிலிருந்து வந்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர். எரிசக்தி, வணிகக் குழுவின் தலைவர். முதியோருக்கு மருந்துக் காப்பீடு தரும் மெடிகேர் சட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். மானியம் பெற்ற தனியார் திட்டங்கள் வழியாகவே மருந்து தரப்பட வேண்டும், விலைப் பேச்சில் அரசு தலையிடக் கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதப்பட்டது. முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் துறை விலை பேசலாம், மெடிகேர் பேசக் கூடாது என்று ஆனது.

அந்தச் சட்டம் நிறைவேறிய இரவைப் பற்றி விவரமாகவே சொல்ல வேண்டும். 2003 நவம்பர் 22, அதிகாலை மூன்று மணிக்கு வாக்கெடுப்பு தொடங்கியது. வழக்கமாக 15 நிமிடம். மசோதா தோற்றுக்கொண்டிருந்ததால் தலைமை வாக்குப் பலகையை மூடவில்லை. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் சபைக்குள்ளேயே உறுப்பினர்களை மடக்கி மடக்கிப் பேசினார்கள். மிச்சிகனின் நிக் ஸ்மித் ஓய்வுபெறப் போகிறவர். அவருடைய இடத்துக்கு மகன் போட்டியிட இருந்தார். ஆதரித்து வாக்களித்தால் மகனின் தேர்தலுக்கு உதவி கிடைக்கும் என்று தன்னிடம் சொல்லப்பட்டதாக ஸ்மித் வெளியே வந்து சொன்னார். சபையின் நெறிமுறைக் குழு விசாரித்து, வாக்குக்குப் பதிலாக மகனுக்கு ஆதரவு தருவதாகச் சொன்னதற்காகப் பெரும்பான்மைத் தலைவர் டாம் டிலேயை 2004இல் கண்டித்தது. ஸ்மித் கடைசிவரை எதிர்த்தே வாக்களித்தார். மகன் 2004 உட்கட்சித் தேர்தலில் தோற்றார். சட்டம் விடியும் நேரத்தில் 220க்கு 215 என்று நிறைவேறியது.

2005 ஜனவரியில் டாசின் ஃபார்மாவின் தலைவரானார். 2008 தேர்தலில் ஒபாமா இந்த மனிதரையே விளம்பரத்தில் கண்டித்தார். அடுத்த ஆண்டு அவரோடுதான் உடன்பாடு. மெடிகேர் விலை பேசக் கூடாது என்ற தடை 2022வரை, 19 ஆண்டுகள் நீடித்தது. தடை நீங்கிப் பேசி முடித்த முதல் பத்து மருந்துகளின் புதிய விலை 2026 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்தது, அதாவது கூடுதல் பிரீமியம் மானியம் காலாவதியான மறுநாள்.

இனி எழும் கேள்வி, இவ்வளவையும் செய்யும் அளவுக்கா நன்கொடை இருக்கிறது என்பது. சட்டப்படிப் பார்த்தால் இல்லை. 1907இலிருந்தே கம்பெனிகள் வேட்பாளருக்கு நேரடியாகப் பணம் தரக் கூடாது. கம்பெனியின் அரசியல் நடவடிக்கைக் குழு ஒரு தேர்தலுக்கு ஒரு வேட்பாளருக்கு 5,000 டாலர் தரலாம். கோடிக்கணக்கில் செலவாகும் செனட் தேர்தலில் அது ஒரு நாள் விளம்பரத்துக்குக்கூடப் போதாது. 2003இல் ஸ்டீபன் அன்சோலபேரும் இரண்டு சக ஆய்வாளர்களும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்தப் புதிரைத்தான் எடுத்துக்கொண்டது. பணம் கொள்கையை வாங்குமென்றால் ஏன் இவ்வளவு குறைவாகப் பணம் வருகிறது என்று கேட்ட அவர்கள், கட்சியையும் தொகுதியையும் கணக்கில் சேர்த்தால் வாக்களிப்பில் நன்கொடையின் தனிப் பாதிப்பு மிகச் சிறிது என்று முடித்தார்கள்.

எனக்கு இந்த முடிவில் பாதி உடன்பாடு. வாக்கை மட்டும் அளந்தால் அவர்கள் சொல்வதுதான் கிடைக்கும். அதற்கு முன்பே, 1990இல், ரிச்சர்ட் ஹாலும் ஃபிராங்க் வேமனும் வேறொன்றை அளந்தார்கள். குழுக் கூட்டத்துக்கு வருவது, திருத்தம் எழுதுவது, திரைமறைவில் பேசி முடிப்பது ஆகிய வேலைகளில் ஓர் உறுப்பினர் எவ்வளவு உழைத்தார் என்று பார்த்தார்கள். நன்கொடை அந்த உழைப்பைக் கூட்டியது. இன்னொரு சோதனை ஜோஷுவா கல்லாவும் டேவிட் ப்ரூக்மேனும் செய்தது. 2013இல் 191 உறுப்பினர் அலுவலகங்களிடம் சந்திப்புக்கு நேரம் கேட்கப்பட்டது. சில அலுவலகங்களுக்கு வருபவர்கள் தொகுதி மக்கள் என்றும், சிலவற்றுக்கு நன்கொடையாளர்கள் என்றும் சொல்லப்பட்டது. நன்கொடையாளர்கள் என்று தெரிந்தபோது உறுப்பினரோ மூத்த அதிகாரியோ நேரம் ஒதுக்கியது மூன்று மடங்குக்கு மேல். வந்தவர்களும் அவர்கள் கேட்க வந்த விஷயமும் இரண்டிலும் ஒன்றே. ஒரு பிரீமியத்தை எப்படிக் கணக்கிட வேண்டும் என்ற துணைப்பிரிவை விளக்க அரை மணி நேரம் கிடைப்பவருக்கும் கிடைக்காதவருக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த வாக்குப் பட்டியலிலும் பார்க்க முடியாது.

கணக்கில் வராத பணமும் இருக்கிறது. 2009இல் காப்பீட்டு நிறுவனங்களின் தேசியச் சங்கம் சீர்திருத்தத்தை ஆதரிப்பதாக மேடையில் பேசியது. அதே ஆண்டில் அமெரிக்க வர்த்தக சபைக்கு 8 கோடியே 62 லட்சம் டாலர் கொடுத்தது. வர்த்தக சபை அந்தச் சட்டத்துக்கு எதிராக விளம்பரம் செய்தது. நாட்டுக்கு இது தெரிந்தது 2010 நவம்பரில், ப்ளூம்பெர்க் செய்தியின் வழியாக. சட்டம் மார்ச் 23இலேயே கையெழுத்தாகிவிட்டது. வர்த்தக சபை போன்ற அமைப்புகள் யாரிடம் பணம் வாங்கின என்று வெளியிட வேண்டியதில்லை. கையெழுத்துக்கு இரண்டு மாதம் முன்பு, ஜனவரி 21 அன்று, சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் கம்பெனிகள் தேர்தலில் தாமாகவே எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. கையெழுத்தான மூன்றாம் நாள், மார்ச் 26 அன்று, இன்னொரு நீதிமன்றம் ஸ்பீச்நவ் வழக்கில், வரம்பில்லாமல் நன்கொடை வாங்கும் சூப்பர் பேக் குழுக்களுக்கு வழி திறந்துவிட்டது. 5,000 டாலர் வரம்பை வைத்துக்கொண்டு செல்வாக்கை அளப்பது அந்த மார்ச்சோடு பொருளிழந்துவிட்டது.

பணத்தின் தடம் மிகத் தெளிவாகத் தெரியும் இடமாக நான் கருதுவது 2019. மானியத்துக்குப் பணம் வேண்டும் என்று 2010 சட்டம் சில வரிகளை விதித்திருந்தது. மருத்துவக் கருவிகளுக்கு 2.3 சதவீதம், காப்பீட்டு நிறுவனங்கள் மீது ஓர் ஆண்டு வரி, விலை மிகுந்த அலுவலகக் காப்பீடுகள் மீது 40 சதவீத வரி. கருவி வரியை எதிர்த்தவர்களில் ஜனநாயகக் கட்சியினரும் இருந்தார்கள். மெட்ரானிக் போன்ற பெரிய கம்பெனிகள் இயங்கும் மின்னசோட்டாவின் ஏமி க்ளோபச்சரும், கருவித் தொழில் செழித்த மாசசூசெட்ஸின் எலிசபெத் வாரனும் அதை நீக்க வேண்டும் என்றார்கள். 2013இலேயே செனட்டில் அதை நீக்கும் விருப்பத் தீர்மானத்துக்கு 79 பேர் ஆதரவு தந்தார்கள். 40 சதவீத வரியைத் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. ஒரு நாள்கூட அது வசூலாகவில்லை.

2019 டிசம்பரில், அரசு நடக்கத் தேவையான நிதி ஒதுக்கீட்டு மசோதாவோடு சேர்த்து இந்த மூன்று வரிகளையும் நிரந்தரமாக நீக்கிவிட்டார்கள். பத்தாண்டுகளில் அரசுக்கு இழப்பு சுமார் 37,300 கோடி டாலர். அதை ஈடுகட்ட வேறு வரி விதிக்கவில்லை. இரண்டு கட்சிகளும் ஆதரித்தன, டிரம்ப் கையெழுத்திட்டார். முடக்கமும் இல்லை, இரவு முழுக்க விவாதமும் இல்லை. ஆறு ஆண்டு கழித்து மானியத்தை நிரந்தரமாக நீட்டிக்கப் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 35,000 கோடி டாலர் ஆகும் என்று காங்கிரஸின் நிதிநிலை அலுவலகம் கணக்கிட்டபோது, அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டார்கள். இரண்டு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் பயனடைந்தவர்கள் சில நூறு நிறுவனங்களும் நல்ல காப்பீடு உள்ள ஊழியர்களும். அவர்களுக்கு வாஷிங்டனில் ஆள் இருக்கிறது. மற்றதில் பயனடைந்தவர்கள் நாடெங்கும் சிதறிக் கிடக்கும் இரண்டு கோடிப் பேர். மிசிசிப்பியில் கார் ஓட்டுபவருக்கும் டெக்சஸில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவருக்கும் சேர்ந்து ஒரு சங்கம் கிடையாது. அவர்களுக்காக அங்கே பேசியவை காப்பீட்டு நிறுவனங்களும் மருத்துவமனைகளும்தான். பிரீமியம் ஏன் ஏறுகிறது என்று அவை எப்படிக் கேட்கும்?

காலாவதித் தேதியும் இதோடு சேர்ந்ததுதான். 2021இல் இரண்டு ஆண்டு, 2022இல் மேலும் மூன்று ஆண்டு என்று மானியத்தைத் துண்டு துண்டாக நீட்டித்தவர்கள் ஜனநாயகக் கட்சியினர். நிரந்தரமாக்கினால் பத்தாண்டுச் செலவைக் காட்ட வேண்டும். மூன்று ஆண்டு என்றால் 6,400 கோடியில் முடிந்துவிடும். 2017இன் வரிச் சட்டத்தில் குடியரசுக் கட்சியினரும் இதே வழியைக் கையாண்டார்கள், ஒரு வேறுபாட்டோடு. தனிநபர் வரிக் குறைப்பு 2025 முடிவில் காலாவதி. கம்பெனி வரியை 35 சதவீதத்திலிருந்து 21 ஆகக் குறைத்ததற்குக் காலாவதியே இல்லை. இரண்டு காலாவதிகளும் ஒரே நாளில் வந்தன. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரிய சட்டம் வரிக் குறைப்பை நிரந்தரமாக்கியது. அதன் மொத்தச் செலவு பத்தாண்டில் 3.4 லட்சம் கோடி டாலர். அதற்குள் மானியத்துக்கு இடம் கிடைக்கவில்லை.

மானிய நீட்டிப்பை எதிர்த்தவர்களுக்கும் சொல்ல நியாயம் இருந்தது. பிரீமியமே இல்லாத திட்டங்களில், சேர்ந்தவருக்கே தெரியாமல் தரகர்கள் பெயரைப் பதிந்து தரகுத்தொகை வாங்கினார்கள். 2024இன் முதல் எட்டு மாதங்களில் மட்டும் இப்படி 1.8 லட்சத்துக்கு மேல் புகார்கள் வந்தன. பணம் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகாமல் நேராக மக்கள் கைக்குப் போகட்டும் என்று 2025 நவம்பரில் டிரம்ப் சொன்னதும் ஓர் உண்மையான குறையைத் தொட்டது. ஆனால் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு நோயாளியைத் தனியாக மருத்துவமனையோடு பேரம் பேசச் சொன்னால் விலை இறங்காது. அவருக்கு அந்த வலு இல்லை, அரசுக்கு உண்டு. அந்த வலுவைத்தான் 2003இலும் 2009இலும் சட்டத்திலிருந்து எடுத்தார்கள்.

எதிர்த்தரப்பிலும் நன்கொடை இருந்தது, வேறு வகையில். தொழிலதிபர்களான கோக் சகோதரர்கள் தொடங்கிய அமெரிக்கன்ஸ் ஃபார் பிராஸ்பெரிட்டி அமைப்பு நீட்டிப்பை வெளிப்படையாக எதிர்த்தது. கொள்கைக்காகப் பணம் தருபவர்களுக்கு எந்தத் துணைப்பிரிவும் வேண்டாம். அரசு சுருங்கினால் போதும். அவர்களுடைய ஆயுதம் உட்கட்சித் தேர்தல். ஃப்ளோரிடாவில் மட்டும் 40 லட்சத்துக்கு மேற்பட்டோர் இந்தச் சந்தையில் காப்பீடு வாங்கியிருந்தார்கள். டெக்சஸில் ஏறத்தாழ அதே அளவு. இரண்டு மாநிலங்களின் நான்கு செனட்டர்களும் குடியரசுக் கட்சியினர். தொகுதி மக்களின் பணநலனையும் காப்பீட்டுத் தொழிலின் பணநலனையும் ஒருசேர மீறி ஒரு கட்சி நின்றதென்றால், எந்தப் பணம் எந்தக் கட்டத்தில் பேசுகிறது என்று பிரித்துப் பார்க்காமல் அதை விளக்க முடியாது. வரைவு எழுதும் கட்டத்தில் தொழிலின் பணம் பேசுகிறது. வெளிச்சத்தில் நடக்கும் வாக்கெடுப்பில் கட்சியும் கொள்கைக்காரர்களின் பணமும் பேசுகின்றன.

2025 டிசம்பர் 17 அன்று நான்கு குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் தம் தலைமையை மீறிக் கையெழுத்திட்டதால் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பைக் கட்டாயமாக்கும் மனுவுக்குத் தேவையான 218 பேர் சேர்ந்தார்கள். நால்வருமே போட்டி கடுமையான தொகுதிகளிலிருந்து வந்தவர்கள். 2026 ஜனவரி 8 அன்று மசோதா 230க்கு 196 என்று அந்தச் சபையில் நிறைவேறியது. குடியரசுக் கட்சியினர் 17 பேர் ஆதரித்தார்கள். மசோதா கேட்டது மூன்றாண்டு நீட்டிப்பு, 2028 முடியும்வரை. அளவுகோல் திட்டத்தைக் கணக்கிடும் முறையில் மாற்றம் இல்லை. பணம் போகும் வழியிலும் இல்லை. பிரீமியம் எவ்வளவு ஏறலாம் என்பதைப் பற்றி அதிலும் ஒரு வரி கிடையாது.